ஜெராய் வீரன் வரிசையில் நின்ற வாரம்

சண்டைக் காட்சியை எப்படி வரைவது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. கூலிம் தொழிற்சாலையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து நீங்கள் கணினியில் வரைகிற சண்டைகளைப் பார்த்தேன். குத்து விழுகிற இடத்தில் எனக்கே தாடை வலித்தது. அதில் என்னிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் நாட்டுக்காகப் போராடும் வீரனை வரைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வரும். அன்று யாரோ ஒருவர் மரியாதையாக வந்து உட்கார்ந்து, உங்கள் வீரனின் கையை இரவல் கேட்பார். இன்னாரைப் பிடித்துக் கொடு, இன்னாரை அடி என்பார். எனக்கு அந்த நாள், மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது சுங்கைப்பட்டாணியில் ஒரு தமிழ் வார இதழுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடைப் பலகை எழுதுகிறவர்; தூரிகை பிடிக்க அவரிடம் பழகியிருந்தேன். அவர் போன பிறகு அச்சகத்து முதலாளி என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அவர் தமிழ் முஸ்லிம். ஊரே அவரை நானா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். சோப்பு விளம்பரத்தில் தொடங்கி, இதழின் கடைசிப் பக்கம் முழுவதும் படக்கதை போடும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்தக் கதையின் நாயகன்தான் ஜெராய் வீரன்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற ஒருவன். ஜெராய் மலைமேல் இடி விழும்போது அங்கே மாட்டிக்கொள்கிறான். இடி அவன் கைகளுக்குள் புகுந்துவிடுகிறது. அன்றிலிருந்து முகமூடி, அகலமான இடுப்புப் பட்டை, மலையைப் பிளக்கிற கை. யான் என்ற ஊர்ப் பக்கத்து வயல்காரர்களுக்கும் சுங்கைப்பட்டாணிக் கடைக்காரர்களுக்கும் அந்த மலை தினமும் கண்ணில் படுகிற மலை என்பதால், அவனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல எடுத்துக்கொண்டார்கள். வரைவது ஒரு பெண் என்பது யாருக்கும் தெரியாது. படக்கதையில் வரைகிறவர் பெயர் இருக்காது.

தொடக்கத்தில் அவன் அடித்தவர்கள் எல்லாம் காட்டுக்காரர்கள்தான். பேருந்தை எரிக்கிறவர்கள், ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்க்கிறவர்கள். யாரும் சொல்லி அப்படி வரையவில்லை. என் தாய்மாமன் கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசி கேட்டார்கள். முடியாது என்றார். ஆபீஸ் வாசலிலேயே சுட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். ஜெராய் வீரனின் முதல் குத்துகள் எல்லாம் என் கோபம். அந்தக் கோபத்துக்காக நான் இன்றைக்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கதை ஓட ஓட, தகவல் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வர ஆரம்பித்தார். தமிழர், படித்தவர், சிரித்த முகம். கதையை உண்மையிலேயே ரசித்துப் படித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். இதழை மொத்தமாக வாங்கித் தோட்டங்களில் இலவசமாகக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. அச்சாவதற்கு முன்பு பக்கத்தை ஒருமுறை அவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

முதலில் கேட்டது சின்ன விஷயம்.

"மிஸ் சரஸ்வதி, இவன் நெஞ்சுல நம்ம கொடி இருக்கணும். பிறையும் நட்சத்திரமும். பார்த்ததும் இவன் யாருக்காகப் போராடுறான்னு தெரியணும்."

"போடலாம் சார். ஆனா இவன் தோட்டத்துல பொறந்தவன். இவனுக்குக் குடியுரிமை உண்டா?"

அவர் சிரித்தார். "கதைதானே மிஸ்."

என் மாமாவின் மனைவிக்குக் குடியுரிமை இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இல்லை. ஆனாலும் கொடியை ஆசையாகத்தான் வரைந்தேன். அந்தக் கொடியை எனக்குப் பிடிக்கும். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்தேன். யார் தருவதற்காகவும் காத்திருக்க விருப்பமில்லை.

அடுத்து அவர் கேட்டது பெரிய விஷயம். அந்த நாட்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெளியே வரவழைக்க வேண்டும் என்பது திட்டம். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. காலையில் கேட்டில் வரிசையாக நிறுத்தித் தேடுவார்கள். அதிகாரி சொன்ன கதை இதுதான்: பால்மரம் வெட்டுகிற ஒருத்தி சட்டைக்குள் சோற்றை மறைத்து எடுத்துப் போகிறாள். ஜெராய் வீரன் அவளைக் கண்டுபிடித்து, கூந்தலைப் பிடித்து இழுத்துப் போய் ஒப்படைக்கிறான். தலைப்பு, 'துரோகி'.

எனக்கு உடனே மறுக்கத் தோன்றவில்லை, சரி என்றும் சொல்ல வரவில்லை. "நான் அந்தக் கேட்டைப் பார்த்ததில்ல சார். பார்த்துட்டுத்தான் வரைவேன்" என்றேன்.

"தாராளமா போய்ப் பாருங்க" என்றார். அதற்காக அவர் பின்னால் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாரோ!

உங்களுக்கு நான் தரக்கூடிய ஒரே தொழில் யோசனையும் அதுதான். சரியா தவறா என்று தெரியாத காட்சியை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். எழுந்து போய் அந்த இடத்தில் நில்லுங்கள்.

கரங்கானுக்குப் பஸ் ஏறினேன். மாமா வேலை பார்த்த தோட்டத்தில்தான் பாக்கியம் அத்தை இன்னும் இருந்தார். கிராணியார் மனைவியாக இருந்தவர், மாமா போன பிறகு கிராணி வீட்டைக் காலி செய்துவிட்டு லயத்துக்கு வந்து, மரம் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் வீட்டில் தங்கி, விடிந்ததும் அவரோடு வேலைக்காட்டுக்குக் கிளம்பினேன்.

கேட்டில் பெண்களுக்குத் தனி வரிசை. தேடுவதற்கு ஒரு பெண்மணி, பக்கத்தில் துப்பாக்கியோடு இளவயது மலாய்க் காவலர். நான் விருந்தாளி என்றெல்லாம் பார்க்கவில்லை. கொண்டையை அவிழ்க்கச் சொன்னார் அந்தப் பெண்மணி. கை என் கழுத்தில், முதுகில், இடுப்பில் போனது. வரைவதற்கு வைத்திருந்த கரிக்குச்சிகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அது தினப்படி நடப்பது. எனக்கு மட்டும் முகம் எரிந்தது.

அடுத்து அத்தை. தேடியவரின் கை சட்டைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தது. பழைய சோறு, ஒரு துண்டு ஊறுகாய்.

காவலர் பொட்டலத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் போலும், தமிழ் வந்தது.

"யாருக்கு இது? காட்டுக்கா?"

"என் புருஷனைச் சுட்டவனுக்கு நான் சோறு கொண்டு போவேனா தம்பி? எனக்குத்தான். வெறும் வயித்துல மத்தியானம் வரைக்கும் மரம் வெட்டினா கண்ணு இருட்டுதுலா. நேத்து உளியாலயே கையை வெட்டிக்கிட்டேன், பாரு."

கையைக் காட்டினார். துணி சுற்றியிருந்தது. சட்டப்படி அவரை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஜெயில். காவலருக்கும் அது தெரியும். அவர் தயங்கியதைப் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "மக்கான் சினி! இங்கேயே தின்னு! வெளியே போகக் கூடாது!"

அவர் அதை அவமானப்படுத்தச் சொன்னாரா, காப்பாற்றச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

அத்தை அழவில்லை. கெஞ்சவும் இல்லை. பால்வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கேட்டுக்கு நடுவில், மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையைப் பிரித்தார். பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஊறுகாயைக் கிள்ளிக் கிள்ளித் தொட்டுக்கொண்டார். வரிசை நின்றது. பின்னால் துரையின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அத்தை தலையைத் திருப்பவில்லை. காவலர்தான் ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இலையை விரித்துக் காவலரிடம் நீட்டினார்.

"பார்த்துக்கோ. ஒரு பருக்கைகூட காட்டுக்குப் போகல."

வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

திரும்பி வந்து வரைய உட்கார்ந்தபோது எனக்கு ஒரு சிக்கல். ஜெராய் வீரனை அந்தக் கேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அங்கே அவன் என்ன செய்வான்? மலையைப் பிளக்கிற கை இருக்கிறது. யாரை அடிப்பது? அத்தையையா? அந்தக் காவலரையா? அவரும் யாரோ சொன்னதைச் செய்கிற ஏழை வீட்டுப் பிள்ளை. கேட்டை உடைத்தால் அவன் காட்டுக்காரர்களின் ஆளாகிவிடுவான். அவர்களை நான் மன்னிக்கவே இல்லை. எவ்வளவு யோசித்தும் குத்த ஓர் இடம் கிடைக்கவில்லை. குத்துவதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒரு வில்லனை உண்டாக்கிவிடுவது நம் தொழிலில் ரொம்பச் சுலபம். அதைச் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவனை வரிசையில் நிற்க வைத்தேன். அத்தைக்குப் பின்னால், கைகளைத் தூக்கிக்கொண்டு. அவனையும் தேடுகிறார்கள். தேடுகிற கை அவன் நெஞ்சில், பிறையும் நட்சத்திரமும் இருக்கிற இடத்தில். அடுத்து அத்தையின் பொட்டலம், காவலரின் சத்தம், அத்தை மண்ணில் உட்காருவது. கடைசிப் படத்தில் ஜெராய் வீரன் ஒன்றும் செய்யவில்லை. அவர் பக்கத்தில் போய், அதே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறான்.

படங்கள் பினாங்குக்குப் போய் அச்சடிக்கிற துத்தநாகத் தகட்டு பிளாக்காகி வந்தன. அதிகாரி அச்சகத்துக்கு வந்து மாதிரிப் பக்கத்தைக் கையில் எடுத்தார். முதல் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த கட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன மிஸ் இது? கொடி மேலயே கையை வச்சுத் தேடுறாங்க!"

"நீங்க போடச் சொன்ன கொடிதான் சார். அதைப் போட்டுக்கிட்டவனும் அந்தக் கேட் வழியாத்தானே போகணும்?"

"இவன் வீரன்! இவனைப் போய் யாரு தேடுவா?"

"என் மாமா அரிசி தரமாட்டேன்னு சொல்லிச் செத்தவர். அவர் பொண்டாட்டியத் தினமும் தேடுறாங்களே."

அவர் மாதிரிப் பக்கத்தை மேசையில் விரித்தார். கெட்டிக்காரர். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றக் கட்டங்களை எடுத்துவிடலாம் என்றார். கடைசிப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதிலும் உட்கார்ந்திருக்கிற வீரனை பிளாக்கிலிருந்து உளியால் செதுக்கி எடுத்துவிட்டால் போதும். அந்தம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிடட்டும். மேலே ஒரு வரி: 'சோறு கடத்தியவள் பிடிபட்டாள்.'

இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே பெண், அதே இலை, அதே சோறு. நான் போட்ட ஒரு கோடுகூட மாறாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவனை எடுத்துவிட்டால் அவள் திருடி. படக்கதையில் பொய் சொல்ல வரையவே வேண்டாம், அழித்தால் போதும் என்று நான் அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

பிளாக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தரமாட்டேன் சார்."

"நான் மேலே ரிப்போர்ட் பண்ண வேண்டியிருக்கும். விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம், தெரியும்தானே?"

"தெரியும்."

"நானா, நீங்களாவது சொல்லுங்க."

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை. அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வாசல் பக்கம் கார் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் நானா வாயைத் திறந்தார். "எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி."

"அப்ப வேணாம் நானா. வேற இடத்துல..."

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன். போடமாட்டேன்னு சொன்னேனா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் செய். உன் பேரைப் போடு. பேர் இல்லாத பக்கத்துக்கு என் அச்சுக் கோக்கிற ஆளுங்களத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க. அவங்க புள்ளகுட்டிக்காரங்க."

தைரியமான மனிதர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் ஆபத்து யார் தலையில் விழும் என்று அந்த நேரத்திலும் யோசித்தவர் அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. என் பெயரை நானே ஈய எழுத்தில் கோத்தேன். அந்த வாரம்தான் ஜெராய் வீரனை வரைவது ஒரு பொம்பளை என்று கெடா மாநிலத்துக்கே தெரிந்தது.

இலாகா ஒரு பிரதியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நானா முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக்கடை, பஸ் ஸ்டாண்ட் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டார். தோட்டத்துக்காரர்கள் டவுனுக்கு வந்தபோது வாங்கிப் போனார்கள். வெளியே போகும்போதுதான் கேட்டில் தேடுவார்கள். உள்ளே வருகிற காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை.

சில நாளில் போலீஸ்காரர் வந்து என்னைக் கூட்டிப் போனார். ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போ என்றார்கள். கேள்வி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சும்மா உட்கார வைத்தால், நாமே நமக்குள் கேள்வி கேட்டு, நாமே பயந்து, நாமே அழிப்பானைக் கையில் எடுப்போம் என்பது கணக்கு. உங்களையும் இப்படி எங்காவது உட்கார வைப்பார்கள். அந்த பெஞ்சில் எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் எதிர்ச் சுவரில் இருந்த பல்லியை மனதுக்குள் வரைந்துகொண்டிருந்தேன்.

அடுத்து இன்னொரு பக்கத்திலிருந்து ஆள் வந்தது. அச்சகத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வீரனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்றார் மெதுவாக. "அடுத்த வாரம் கேட்டை உடைச்சிட்டு மலைக்கு வரச் சொல்லுங்க. அவனுக்கு அங்க இடம் இருக்கு."

யார் அனுப்பிய ஆள் என்று புரிந்துவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கரங்கான் பக்கத்துல ஒரு கிராணியாரைச் சுட்டீங்களே, அவர் என் தாய்மாமன். சுட்டவன் யாருன்னு சொல்லுங்க. வீரன் மலைக்கு வருவான். வேற காரியத்துக்கு."

அவர் எழுந்து போய்விட்டார். அந்த வாரம் ஜெராய் வீரன் பஸ்ஸை எரிக்க வந்த காட்டுக்காரர்களைத் துவைத்தெடுத்தான். கொடியோடுதான். ஒரு தரப்பை எதிர்த்தால் மறு தரப்பின் ஆள் என்பார்கள். இரண்டு பேருமே அதைத்தான் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் நான் ஆள் இல்லை என்றேன். அதற்குக் கிடைத்த பரிசு, ஊரில் எங்கே போனாலும் முதுகுப் பக்கம் கண் வைத்து நடக்க வேண்டியிருந்ததுதான்.

கடைசியில் அரசாங்கத்து ஆட்கள் நானாவின் பக்கமாக வந்தார்கள். அச்சக உரிமம் புதுப்பிக்கிற நேரம். அந்தப் படக்கதை நின்றால் உரிமம், இல்லாவிட்டால் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். நானாவிடம் வேலை பார்த்த குடும்பங்களை நினைத்து நானே சரி என்றேன். இன்னும் ஒரே ஒரு வாரம் மட்டும் வரையலாம் என்று முடிவானது.

கையில் ஒரு பக்கம்தான் மிச்சம் என்றால் நீங்கள் எதை வரைவீர்கள்? அவன் மலை உச்சியில் நின்று வீரவசனம் பேசுவதாக ஒன்று வரைந்தேன். கிழித்தேன். முகமூடியைக் கழற்றுவதாக ஒன்று. அதையும் கிழித்தேன். அந்த நேரத்தில் பாக்கியம் அத்தை டவுனுக்கு வந்தவர், அச்சகத்துக்குள் நுழைந்தார். கையில் வீரன் வரிசையில் நின்ற வாரத்து இதழ், மடித்து மடித்து நைந்து போயிருந்தது.

"நீதான் வரைஞ்சதாமே. லயத்துல எல்லாரும் பார்த்தாங்க." கடைசிப் படத்தை விரல் வைத்துக் காட்டினார். "இங்கதான் தப்பு பண்ணிட்ட."

"என்ன அத்தை?"

"ஒருத்தன் வந்து நம்ம பக்கத்துல உட்கார்ந்திருக்கான். அவனும் காலையில சாப்பிடாம வரிசையில நின்னவன். நான் மட்டும் தின்னுக்கிட்டு இருப்பேனா? அவனுக்கு ஒரு பிடி குடுக்க மாட்டேனா? என்னா நினைச்ச நீ என்னைப் பத்தி?"

உண்மையாகவே கோபமாக இருந்தார்.

அவரை அங்கேயே ஸ்டூலில் உட்கார வைத்து வரைந்தேன். கட்டம் பிரிக்காமல் பக்கம் முழுவதும் ஒரே படம். கேட்டுக்கு நடுவில், மண்ணில், இரண்டு பேர். அத்தை ஒரு பிடி சோற்றை உருட்டி அவன் உள்ளங்கையில் வைக்கிறார். இடி புகுந்த அந்தக் கையை அவன் குழித்து ஏந்தியிருக்கிறான். சோறு எடுத்து வந்தவர் ஒருவர், அதை வாங்கித் தின்கிறவன் ஒருவன். சட்டப்படி இரண்டு பேருமே குற்றவாளிகள். வசனம் ஒரு வரிகூட எழுதவில்லை. நெஞ்சில் கொடி இருந்தது.

நானா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். இதில் உங்கள் கை பட வேண்டாம் என்று, பட்டப்பகலில் வேலையாட்கள் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிஷினைத் தானே ஓட்டினார்.